கழற்றத் தெரிந்தால் பூட்டலாம்: டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை நாமே அசெம்பிள் செய்யப் பழகும் வழி

டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்தவனும் இல்லை. கையில் இருந்தது ஒரு ஸ்டார் திருப்புளி, உயிர் போன ஒரு பழைய கம்ப்யூட்டர், வேலையில்லாத சில ஞாயிற்றுக்கிழமைகள். புதுப் பாகங்கள் வாங்கி நானே பூட்டிய முதல் கம்ப்யூட்டர், முதல் தடவை ஆன் ஆகவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இதில் சாலிடரிங் கிடையாது, சர்க்யூட் அறிவும் தேவையில்லை. எல்லாமே செருகுவது, திருகுவது, பூட்டுவது. பெரும்பாலான கனெக்டர்கள் தவறான இடத்தில் நுழையாதபடி செய்யப்பட்டிருக்கும். ஆகவே கைவேலை கொஞ்சம்தான். சறுக்கல் வருவது இரண்டு இடங்களில். ஒன்று, வாங்கும் முன் எது எதற்குப் பொருந்தும் என்று பார்க்காமல் விடுவது. இன்னொன்று, பூட்டும் வரிசை மாறிப்போவது. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த இரண்டையும் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் பழையதைக் கழற்றுங்கள்

புதுப் பாகம் எதையும் வாங்காதீர்கள். வீட்டிலோ தெரிந்தவர்களிடமோ ஓரமாகக் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஓடினால் நல்லது, ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

பவர் கேபிளை உருவிவிட்டு, ஆன் பட்டனை சில நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பக்கவாட்டுத் தகட்டைத் திறந்ததும் கை வைக்காமல் நான்கு கோணங்களில் போட்டோ எடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: கேபிள்கள், திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு, தற்காலிக நினைவகமான ராம், பிராசஸரைக் குளிர்விக்கும் கூலர், கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர், கடைசியில் இவையெல்லாம் உட்காரும் மதர்போர்டு. பவர் சப்ளையை, அதாவது எஸ்எம்பிஎஸ்ஸை, பெட்டியிலிருந்து எடுக்கலாம். ஆனால் அதன் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கி எறியும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

கூலரைக் கழற்றும் இடத்தில் நிதானம் வேண்டும். கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசிய தெர்மல் பேஸ்ட், பல வருடம் கிடந்து காய்ந்து பசைபோல் பிடித்திருக்கும். பழைய ஏஎம்டி பிராசஸர்களில் பின்கள் பிராசஸரின் அடியிலேயே இருக்கும். கூலரை நேரே மேலே இழுத்தால் லீவரைத் திறக்காமலேயே பிராசஸரும் ஒட்டிக்கொண்டு கூட வந்துவிடும், பின்கள் வளையும். கம்ப்யூட்டர் ஓடக்கூடியது என்றால் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடு இருக்கும்போதே அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். பேஸ்ட் இளகிவிடும்.

இங்கேதான் திருகாணிகளும் பழக்கமாகும். கம்ப்யூட்டருக்குள் முக்கியமாக இரண்டு வகை: அகலமான புரியுள்ள 6-32, நெருக்கமான புரியுள்ள எம்3. பவர் சப்ளையிலும் பெரிய ஹார்டு டிஸ்க்கிலும் அகலப் புரி. 2.5 அங்குல எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) நெருக்கப் புரி. ஒன்றை இன்னொன்றின் துளையில் திருகினால் முதல் இரண்டு சுற்று போவதுபோலப் போய், பிறகு புரியைத் தின்றுவிடும். எந்தத் திருகாணியையும் முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றிப் பாருங்கள். புரியின் தொடக்கம் துளையின் தொடக்கத்தைச் சந்திக்கும்போது விரலுக்குள் ஒரு சின்ன 'டக்' உணர்வு வரும். அங்கிருந்து முறுக்கத் தொடங்கினால் சாய்வாக ஏறாது. யாரும் கற்றுத்தராமல் நானாகக் கண்டுபிடித்தேன் என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மெக்கானிக் வேலை தெரிந்த எல்லோருக்கும் அது தெரிந்ததுதான்.

கழற்றியதைத் திரும்பப் பூட்டுங்கள். மூன்று முறையாவது. மூன்றாவது முறை போட்டோவைப் பார்க்காமல்.

பழைய கம்ப்யூட்டர் ஓடுகிறது என்றால் இன்னொரு பயிற்சி இருக்கிறது. இதைச் செய்பவர்கள் குறைவு, எனக்கோ இதுவே அதிகம் உதவியது. வேண்டுமென்றே தப்பு செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, ராமை எடுத்துவிட்டு, மறுபடி ஆன் செய்து பாருங்கள். என்ன சத்தம் வருகிறது? விசிறி ஓடுகிறதா? எந்த விளக்கு எரிகிறது? ராமைப் பாதி மட்டும் செருகிப் பார்க்காதீர்கள், அது ஆபத்து. முழுதாக எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதேபோல், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹார்டு டிஸ்க் கேபிளை உருவி, ஆன் செய்து பாருங்கள். ஒவ்வொரு குறைக்கும் கம்ப்யூட்டர் எப்படி முனகுகிறது என்பதைக் காதும் கண்ணும் பழகிக்கொள்ளட்டும்.

எதற்கு எது பொருந்தும்

சரி, புதிது வாங்கலாம். என்ன வேலைக்கு என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். எழுத்து வேலை, படிப்பு, சினிமா என்றால் கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம். வீடியோ எடிட்டிங் என்றால் பிராசஸரும் ராமும் முக்கியம். கேம் என்றால் செலவின் பெரும்பகுதி கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். மற்றபடி வண்ண விளக்குகளுக்குப் பணம் ஒதுக்குவது அவரவர் விருப்பம். நான் ஒதுக்கமாட்டேன்.

தேர்வு பிராசஸரிலிருந்து தொடங்கும். பிராசஸர் எந்த சாக்கெட்டில் (போர்டில் அது உட்காரும் இருக்கை) உட்காரும் என்பதுதான் மதர்போர்டைத் தீர்மானிக்கிறது. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் உட்காரும். 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851. ஏஎம்டியில் 2016இல் வந்த ஏஎம்4 சாக்கெட், ரைசன் 5000 வரிசைப் பிராசஸர்கள் வரை நீண்டது. 2022இல் வந்த ஏஎம்5, ரைசன் 7000 முதல்.

சாக்கெட் ஒத்துப்போனால் மட்டும் போதாது. மதர்போர்டு பழைய சரக்காக இருந்து பிராசஸர் புதியதாக இருந்தால், போர்டின் பயாஸுக்கு, அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருளுக்கு, அந்தப் பிராசஸரை அடையாளமே தெரியாது. போர்டு தயாரித்தவரின் ஆதரவுப் பட்டியலில் உங்கள் பிராசஸர் பெயரைத் தேடி, எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்று பாருங்கள். சில போர்டுகளில் பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவ் மூலம் பயாஸை மாற்றும் பட்டன் பின்பக்கம் இருக்கும். அது இருந்தால் நிம்மதி.

பிராசஸரின் பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் இல்லை. தனி கார்டு போடாமல் திரையில் எதுவும் வராது. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் சின்ன கிராஃபிக்ஸ் ஒன்று உள்ளேயே இருக்கிறது. முதல் முறை பூட்டுபவர்களுக்கு இது பெரிய துணை. பிரச்சினை வந்தால் கார்டைக் கழற்றிவிட்டுச் சோதிக்கலாம்.

ராமின் இரண்டு தலைமுறைகளான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் ஏறாது. ஏஎம்5 போர்டு என்றால் டிடிஆர்5 மட்டும். எல்ஜிஏ 1700 போர்டுகள் இரண்டு விதமாகவும் வருகின்றன, எந்த விதம் என்று பார்த்து வாங்குங்கள். ஒரே பெட்டியில் இரட்டையாக வரும் ராமை வாங்குங்கள். 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு வேகமாக ஓடும், பிராசஸருக்கும் ராமுக்கும் இடையிலான பாதைகளான இரண்டு சேனல்களும் சேர்ந்து வேலை செய்யும் என்பதால்.

எஸ்எஸ்டியில் ஒரு குழப்பம் உண்டு. எம்.2 என்பது வடிவத்தின் பெயர். சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும், வழக்கமான அளவான 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அதே வடிவத்தில் பழைய சாட்டா வகையும் வரும், வேகமான என்விஎம்இ வகையும் வரும். இன்றைக்கு வாங்குவதென்றால் என்விஎம்இ.

அடுத்து கேபினட், அதாவது எல்லாம் உள்ளே உட்காரும் பெட்டி. போர்டின் அளவு ஏடிஎக்ஸ் என்றால் 305 × 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. பெரிய கேபினட்டில் சின்ன போர்டு உட்காரும், தலைகீழாக நடக்காது. ஏமாற்றுவது வேறு இரண்டு எண்கள்: கிராஃபிக்ஸ் கார்டின் நீளம், கூலரின் உயரம். கேபினட்டின் விவரத்தில் இரண்டுக்கும் எல்லை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். கோபுரம் மாதிரி உயர்ந்த கூலர் வாங்கினால், அதன் விசிறி ராமின் தலையில் இடிக்குமா என்றும் பாருங்கள். முதல் கம்ப்யூட்டருக்கு மினி ஐடிஎக்ஸ் வேண்டாம். பார்க்க அழகுதான், விரல் நுழையாது.

கடைசியாகப் பவர் சப்ளை. எல்லாவற்றிலும் மிச்சப்படுத்திவிட்டு மிஞ்சியதில் வாங்குகிற பொருளாக இதை நினைப்பவர்கள்தான் அதிகம். நான் நேர் எதிர்க்கட்சி. மோசமான பவர் சப்ளை செத்தால் தனியாகச் சாவதில்லை, பக்கத்தில் இருப்பவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். கணக்கு எளிது. பெட்டியில் 65 வாட் என்று போட்ட ஏஎம்5 பிராசஸர் உச்சத்தில் 88 வாட் வரை இழுக்கும். கிராஃபிக்ஸ் கார்டு 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். போர்டு, ராம், விசிறிகள், டிஸ்க்குகளுக்கு 50 அல்லது 60. கூட்டினால் 350. கிராஃபிக்ஸ் கார்டுகள் நொடிக்குள் திடீரென்று எகிறும் வழக்கமுள்ளவை, அதனால் இதற்கு 550 அல்லது 650 வாட் எடுப்பது சரி. 80 பிளஸ் முத்திரையில் பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு (தங்கம்) என்று படிகள் இருக்கின்றன. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. தரத்துக்கு முழு உத்தரவாதம் இல்லை. ஆகவே முத்திரையோடு வாரண்டி வருடத்தையும் பாருங்கள். கம்பெனி தன் பொருளை எவ்வளவு நம்புகிறது என்பது அதில் தெரியும்.

மேசையில் உட்காரும் முன்

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. காந்த முனையுள்ள 2ஆம் எண் ஸ்டார் திருப்புளி, எம்.2 திருகாணிக்கு அதைவிடச் சின்னது ஒன்று, கட்டுக் கயிறுகள், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம், திருகாணி போட ஒரு கிண்ணம், நல்ல வெளிச்சம்.

நிலைமின்சாரம் பற்றி ஒரு பக்கம் பயமுறுத்துவார்கள், இன்னொரு பக்கம் சிரிப்பார்கள். உண்மை நடுவில் இருக்கிறது. விரலில் 'சுரீர்' என்று நமக்கு உறைப்பதற்கே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும், சிப் கெடுவதற்கு அதைவிட மிகக் குறைவு போதும். அதாவது நமக்குத் தெரியாமலேயே கெடுக்க முடியும். கம்பளத்தின் மேல் வேலை செய்யாதீர்கள். பாகத்தைத் தொடும் முன் கேபினட்டின் பெயின்ட் அடிக்காத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். மணிக்கட்டுப் பட்டை இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்று வேலையை நிறுத்த வேண்டாம்.

கேபினட்டுக்கு வெளியே முதல் பாதி

போர்டு வந்த அட்டைப் பெட்டிதான் உங்கள் முதல் மேசை. அதன் மேல் போர்டை வையுங்கள். கேபினட்டை இன்னும் தொடாதீர்கள்.

பிராசஸர். எல்ஜிஏ வகையிலும் ஏஎம்5இலும் பின்கள் சாக்கெட்டில் இருக்கும். ஆயிரத்துக்கும் மேல், ஒவ்வொன்றும் முடிமாதிரி. அதன் மேல் விரலோ துணியோ படக்கூடாது. லீவரை வெளிப்பக்கம் தள்ளி மேலே தூக்குங்கள், சட்டம் திறக்கும். பிராசஸரை ஓரங்களில் மட்டும் பிடித்து, மூலையில் உள்ள தங்க முக்கோணம் சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக வருமாறு நேரே கீழே வையுங்கள். அழுத்த வேண்டாம், நகர்த்த வேண்டாம், அதன் எடையிலேயே உட்கார்ந்துவிடும். சட்டத்தை மூடி லீவரை இறக்கும்போது எதிர்பாராத அளவு பலம் கேட்கும். 'கிர்ர்க்' என்று நொறுங்குவதுபோல ஒரு சத்தமும் வரும். கறுப்புப் பிளாஸ்டிக் மூடி தானாகத் துள்ளி வெளியே விழும். முதல் முறை அந்தச் சத்தத்தில் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அதுதான் சரியான சத்தம். அந்தப் பிளாஸ்டிக் மூடியைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது கேட்பார்கள்.

ராம். நான்கு ஸ்லாட் இருந்து இரண்டு ராம் மட்டும் போடுவதென்றால், பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். அடுத்தடுத்துப் போட்டால் ஒரே சேனலில் போய் உட்காரும், வேகம் குறையும். கொக்கியைத் திறந்து, வெட்டைப் பார்த்து, இரண்டு முனையிலும் கட்டை விரலால் அழுத்துங்கள். 'டக்' என்று கொக்கி தானாக மூடும் வரை.

எஸ்எஸ்டி. எம்.2 ஸ்லாட்டின் மேல் உலோகத் தகடு இருந்தால் கழற்றி, அதன் அடியில் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகினால் விட்டதும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் நிற்க வேண்டும். அழுத்திப் பிடித்துத் திருகாணி போடுங்கள். அந்தத் திருகாணி அரிசிக் குருணை அளவுதான். கீழே விழுந்தால் அந்த நாளின் பாதி அதைத் தேடுவதிலேயே போகும்.

கூலர். பெட்டியோடு வரும் கூலரின் அடியில் சாம்பல் நிற பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருந்தால் அதன் மேல் இன்னொரு முறை போட வேண்டாம். இல்லையென்றால் பட்டாணி அளவு நடுவில் வைத்தால் போதும், கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். அடிப்பகுதியில் கண்ணாடிபோல ஒரு பாதுகாப்புத் தாள் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். என் இரண்டாவது கம்ப்யூட்டரில் அதை உரிக்க மறந்தேன். ஆன் ஆனது, ஆனால் சும்மா நிற்கும்போதே சூடு ஏறிக்கொண்டே போனது. திருகாணிகளைக் குறுக்காக, ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு சுற்றாக முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கினால் மறுபக்கம் தூக்கும். விசிறியின் வயரை 'சிபியு ஃபேன்' என்று எழுதிய பின்களில் மாட்டுங்கள். அதை வேறு இடத்தில் மாட்டினால் பல போர்டுகள் விசிறி இல்லை என்று சொல்லி நின்றுவிடும்.

இப்போது வெளியிலேயே ஒரு வெள்ளோட்டம். பவர் சப்ளையிலிருந்து 24 பின் கேபிளைப் போர்டின் வலது ஓரத்திலும், பிராசஸருக்கான 8 பின் கேபிளை இடது மேல்மூலையிலும் செருகுங்கள். பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் இல்லையென்றால் கார்டையும் அதன் கேபிளையும். மானிட்டரை மாட்டுங்கள். ஆன் பட்டன் இன்னும் இல்லையே என்றால், போர்டில் பவர் சுவிட்ச் என்று குறிக்கப்பட்ட இரண்டு பின்களைத் திருப்புளி முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டு எடுங்கள். சுவிட்ச் செய்யும் வேலையும் அவ்வளவுதான். எந்தப் பின்கள் என்று மேனுவலில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். திரையில் பயாஸ் வந்தால் முக்கியப் பாகங்கள் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். இந்தக் கால் மணி நேரத்தைச் செலவழித்தால், பிற்பாடு எல்லாவற்றையும் கழற்றும் வேலை மிச்சம்.

கேபினட்டுக்குள்

அணைத்து, கேபிள்களை உருவுங்கள். கேபினட்டில் முதலில் பார்க்க வேண்டியது பித்தளைத் தாங்கிகள். போர்டில் எங்கெல்லாம் துளை இருக்கிறதோ அங்கெல்லாம் தாங்கி இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், துளை இல்லாத இடத்தில் தாங்கி இருக்கவே கூடாது. ஒன்று அதிகமாக நின்றாலும் அது போர்டின் முதுகைத் தொட்டு ஷார்ட் ஆகும். போர்டோடு தனியாகப் பின்பக்கத் தகடு (யூஎஸ்பி, ஆடியோ வாய்களுக்கான துளைகள் உள்ளது) கொடுத்திருந்தால் அதை இப்போதே கேபினட்டில் பொருத்துங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஞாபகம் வந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். (ஆமாம், எனக்கு நடந்தது.)

போர்டை இறக்கும் முன், பவர் சப்ளையைக் கேபினட்டில் பூட்டி, பிராசஸருக்கான 8 பின் கேபிளை மேல்மூலைத் துளை வழியாக இழுத்து வெளியே தொங்கவிடுங்கள். பிறகு அந்த இடுக்கில் கை போகாது. போர்டைத் திருகாணிகளால் பிடிக்க வையுங்கள், எல்லாவற்றையும் தளர்வாகப் போட்டுவிட்டு அப்புறம் இறுக்குங்கள்.

முன்பக்க வயர்கள்தான் எல்லோரையும் அழவைப்பவை. பட்டன், ரீசெட், டிஸ்க் விளக்கு, பவர் விளக்கு என்று குட்டிக் குட்டிக் கனெக்டர்கள், போர்டின் கீழ் வலது மூலையில் 9 பின்கள். மேனுவலில் படம் இருக்கும், செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு அதைப் பார்த்துச் செருகுங்கள். சுவிட்ச் வயர்களைத் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும். விளக்கு வயர்களுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் உண்டு, மாறினால் எரியாது, அவ்வளவே. முன்பக்க யூஎஸ்பி 3 கனெக்டர் வேறு ரகம். தடியானது, 19 பின்கள், இறுக்கமாக ஏறும். கொஞ்சம் கோணினாலும் போர்டின் பின்கள் வளைந்துவிடும். நேராகப் பிடித்து நிதானமாக அழுத்துங்கள், எடுக்கும்போது ஆட்டி இழுக்காதீர்கள்.

விசிறிகளில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று எப்படித் தெரியும்? குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கம்தான் காற்று வெளிவரும் பக்கம். முன்னால் உள்ளவை உள்ளே இழுக்கட்டும், பின்னாலும் மேலேயும் உள்ளவை வெளியே தள்ளட்டும்.

பவர் சப்ளையின் 24 பின், 8 பின் கேபிள்களை மறுபடி போர்டில் செருகுங்கள். அதன் கேபிள்கள் தனித்தனியாகக் கழற்றும் வகை என்றால் ஒரு கடுமையான விதி: வேறு பவர் சப்ளையின் கேபிளை இதில் மாட்டவே கூடாது. முனை பொருந்தும். ஆனால் பவர் சப்ளைப் பக்கத்தில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொது விதி இல்லை. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க் அந்த நொடியே போய்விடும்.

கடைசியில் கிராஃபிக்ஸ் கார்டு. மேலே உள்ள நீள ஸ்லாட்டில் கொக்கி விழும்வரை அழுத்தி, பின்பக்கம் திருகாணி போடுங்கள். ஸ்லாட் தரும் 75 வாட் பெரிய கார்டுக்குப் போதாது. 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் கேபிள் 150 தரும். புதிய கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டரை முழுதாக, இடைவெளி தெரியாமல் செருக வேண்டும். அரைகுறையாக நின்றதால் சூடேறி உருகிய கனெக்டர்கள் உண்டு. கனெக்டரின் வாய்க்குப் பக்கத்திலேயே வயரை மடக்காதீர்கள்.

ஆன் ஆகவில்லை என்றால்

இப்போது என் கதை. பட்டனை அழுத்தினேன். விசிறிகள் சுற்றின, விளக்குகள் எரிந்தன. திரை மட்டும் இருட்டு. ராமைக் கழற்றி மாட்டினேன், கார்டைக் கழற்றி மாட்டினேன், மானிட்டர் கேபிளை மாற்றினேன். போர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டி, திருப்பி அனுப்ப அட்டைப் பெட்டியைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன். போர்டைக் கழற்றலாம் என்று கேபினட்டின் மறுபக்கத் தகட்டைத் திறந்தால், அங்கே 8 பின் கேபிள் யாரும் கவனிக்காத குழந்தைபோல் தொங்கிக்கொண்டிருந்தது. 24 பின் மட்டும் இருந்தாலே விசிறி சுற்றும், விளக்கு எரியும். பிராசஸருக்குத்தான் உயிர் இல்லை. வெளியே வெள்ளோட்டம் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்குப் பிறகுதான் வந்தது.

அதனால் வரிசை இதுதான். பவர் சப்ளையின் பின்னால் உள்ள சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? பிராசஸரின் 8 பின் செருகியிருக்கிறதா? மானிட்டர் கேபிள் போர்டில் இல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறதா? இந்த மூன்றில் பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும். டிடிஆர்5 போர்டு என்றால் முதல் முறை சில நிமிடம் காத்திருங்கள். ராமைப் பழக்கிக்கொள்ள அதற்கு நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் திரை இருட்டாகவே இருக்கும். பொறுமையிழந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அப்படியும் இல்லையென்றால் போர்டில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று எழுதிய நான்கு குட்டி விளக்குகளைப் பாருங்கள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே சிக்கல். டிராம் என்றால் ஒரே ஒரு ராமை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், பிறகு இன்னொன்றை. எதுவும் பலிக்கவில்லையா? பிளக்கைப் பிடுங்கி, போர்டில் உள்ள சிஆர்2032 காசு பேட்டரியைச் சில நிமிடம் எடுத்துவிட்டுப் போடுங்கள், பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குப் போகும். அதற்கும் மசியவில்லை என்றால் போர்டை வெளியே எடுத்து அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். அங்கே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால் தாங்கியையோ முன்பக்க வயரையோ சந்தேகப்படுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிச் சரியானால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

உயிர் வந்த பிறகு

பயாஸில் நுழைந்து பிராசஸர் பெயர், ராம் அளவு, எஸ்எஸ்டி மூன்றும் தெரிகிறதா என்று பாருங்கள். டிடிஆர்5 ராமின் பெட்டியில் 6000 என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் 4800இல்தான் ஓடிக்கொண்டிருக்கும். இன்டெல்லில் எக்ஸ்எம்பி, ஏஎம்டியில் எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்தால்தான் சொன்ன வேகம் வரும். அப்புறம் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ஒரு பிழைகூட இருக்கக்கூடாது. ஒன்று இருந்தாலும் அந்த ராமை மாற்றுங்கள், அல்லது வேகத்தைக் குறைத்து மறுபடி பாருங்கள்.

விண்டோஸ் 11 என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு பயாஸில் ஆனில் இருக்க வேண்டும். நிறுவுவதற்கு 8 ஜிபி பென் டிரைவ் போதும், வேறு கம்ப்யூட்டரில் தயாரித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் என்றால் இன்னும் சுலபம். போர்டின் நெட்வொர்க் டிரைவரையும் அதே பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நெட் இல்லாமல் டிரைவர் இறக்க முடியாது, டிரைவர் இல்லாமல் நெட் வராது. 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கும்) மானிட்டர் வாங்கியவர்கள் டிஸ்ப்ளே அமைப்பில் போய் அந்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள். வருடக்கணக்கில் 60இலேயே ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கனமான வேலை ஒன்றைக் கொடுத்து அரை மணி நேரம் வெப்பநிலையைக் கவனியுங்கள். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரியும், இன்டெல்லின் அண்மைக்கால டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரியும் எல்லை. அங்கே வந்ததும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாதாரணக் கூலரில் நடுத்தரப் பிராசஸர் 70, 80இல் நின்றால் நிம்மதி. ஆன் செய்த சில நிமிடத்தில் எல்லையைத் தொட்டால் கூலரைக் கழற்றுங்கள். பாதுகாப்புத் தாள் ஒட்டியிருக்கும், அல்லது ஒரு திருகாணி தளர்ந்திருக்கும்.

சில மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள். காற்றடிக்கும்போது விசிறியின் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

பெட்டிகளையும் மிஞ்சிய திருகாணிகளையும் தூக்கிப் போடாதீர்கள். அந்தப் பழைய கம்ப்யூட்டரையும் வையுங்கள். சுவர் பிளக்கில் செருகும் அதன் பவர் கேபிளும் வீடியோ கேபிளும் கீபோர்டும், சந்தேகம் வரும்போது மாட்டிப் பார்க்க உதவும். புதுப் போர்டுகள் பலவற்றோடு பீப் ஸ்பீக்கர் வருவதில்லை. பழையதிலிருந்து உருவிய காசு அளவு ஸ்பீக்கர் ஒன்று என் திருப்புளி டப்பாவிலேயே கிடக்கிறது. யார் வீட்டு கம்ப்யூட்டர் முனகினாலும் முதலில் அதைத்தான் மாட்டுகிறேன்.